உபுண்டுவில் சொந்தக் கெர்னல்: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

லேப்டாப்பில் உபுண்டு இருக்கிறது, டெர்மினலைத் திறந்து சூடோ அடிக்கத் தெரியும் என்றால் இதைத் தாராளமாகச் செய்யலாம். நாகர்கோவில், தக்கலை பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் கெர்னல் (மெஷினின் பாகங்களை இயக்குகிற, உபுண்டுவின் மையப் பகுதி) என்றாலே ஒதுங்குகிறார்கள். கம்பைல் பண்ணுவது, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய கெர்னலாக மாற்றுவது, மெஷினின் வேலை. எதெது வேண்டும் என்று சொல்கிற கான்ஃபிக் கோப்பை ஒழுங்காக அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்; அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதலில் இடம். வட்டில் 30 ஜிபி காலியாக இருக்கட்டும். பிறகு சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்து பில்ட்-எசென்ஷியல், பைசன், ஃப்ளெக்ஸ், பிசி (bc), ஆர்சிங்க் (rsync), டெப்ஹெல்பர், டுவார்வ்ஸ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ் ஆகியவற்றை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் 'லாங்டெர்ம்' (நீண்ட காலம் திருத்தம் வரும் பதிப்பு) என்று போட்டிருக்கும் வரிசையில் 6.12-இன் மூல நிரலை எடுங்கள். புதுசாக இருக்கிறதே என்று 'மெயின்லைன்' பக்கம் போக வேண்டாம். அது சோதனை செய்கிறவர்களுக்கு. சுருக்கிய கோப்பு சுமார் 140 எம்பி. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போன் டேட்டாவை நம்பி இருப்பவர்களுக்கும் கட்டுப்படியாகும். டார் எக்ஸ்எஃப் கொடுத்து விரித்து, அந்தக் கோப்புறைக்குள் போங்கள்.

இனி கான்ஃபிக். ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல உட்காராதீர்கள். இப்போது ஓடுகிற கெர்னலின் கான்ஃபிக், பூட் கோப்புறையில் இருக்கிறது. யூநேம் -ஆர் காட்டும் பதிப்பின் பெயர் அந்தக் கோப்பின் பெயரிலும் இருக்கும். அதை இங்கே '.கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கொடுங்கள். புதிய கேள்விகளுக்கெல்லாம் வழக்கமான பதிலை அதுவே நிரப்பிவிடும்.

இதையே கம்பைல் பண்ணலாம். ஆனால் உலகத்தில் உள்ள எல்லா வைஃபை கார்டுக்கும் டிரைவர் கட்டிக்கொண்டு, பழைய லேப்டாப் மணிக்கணக்கில் கொதிக்கும். அதனால் மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். எல்எஸ்மாட் பட்டியலில் இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். இடையில் ஏதாவது கேட்டால் என்டர் தட்டுங்கள்.

வெட்டும் என்றேன், கவனியுங்கள். அந்த நேரத்தில் செருகாத சாதனம் உங்களிடம் இருப்பது அதற்குத் தெரியாது. கேபிள் வழியாகப் போனிலிருந்து நெட் எடுப்பவர் போனைச் செருகாமல் இதை ஓட்டினால், ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட் மாதிரியான மாட்யூல் போய்விடும். புதுக் கெர்னலில் பூட் ஆன பிறகு போன் சார்ஜ் மட்டும் ஏறும், நெட் வராது. ஆகவே பென் டிரைவ், பிரின்டர், வெப்கேம், ப்ளூடூத் ஹெட்செட் எல்லாவற்றையும் இணைத்து, டெதரிங்கையும் ஆன் செய்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டளையை அடியுங்கள்.

அடுத்து மேக் மெனுகான்ஃபிக். நீல மெனு ஒன்று வரும். 'ஜெனரல் செட்டப்' உள்ளே 'லோக்கல் வெர்ஷன்' இடத்தில் -குமரி என்று பெயர் வையுங்கள், இடைவெளி கூடாது. 'கிரிப்டோகிராஃபிக் ஏபிஐ'யின் கீழே சான்றிதழ் பகுதியில் டெபியன் என்று தொடங்கும் இரண்டு பெம் கோப்புப் பாதைகள் இருக்கும், இரண்டையும் அழித்து வெறுமையாக விடுங்கள். அழிக்காமல் விட்டால் 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று பாதியில் நிற்கும். உபுண்டுக்காரர்கள் தங்கள் சான்றிதழைக் குறித்து வைத்த பாதை அது, நம்மிடம் அந்தக் கோப்பு கிடையாது. கடைசியாக 'கெர்னல் ஹேக்கிங்' உள்ளே டீபக் தகவலை அணைத்துவிடுங்கள். வட்டில் நிறைய இடம் மிச்சம். சேமித்து வெளியே வாருங்கள்.

மேக் -ஜே4 பின்டெப்-பிகேஜி. 4 என்பது கோர் எண்ணிக்கை. என்ப்ராக் அடித்தால் உங்களுடையது தெரியும். மேக் இன்ஸ்டால் வழியும் உண்டு, ஆனால் டெப் கோப்பாக (உபுண்டுவின் நிறுவல் பொதி) கட்டினால் பிடிக்காதபோது ஆப்ட் மூலம் சுத்தமாக நீக்கலாம். புதியவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஆனி, ஆடியில் கட்டுகிறீர்களா? முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று நம்மூர் ரப்பர் கிளையை லைன் கம்பியில் தள்ளும். பேட்டரி செத்த லேப்டாப் பாதியில் அணைந்தால் பதற வேண்டாம். கரண்ட் வந்ததும் அதே கட்டளையைக் கொடுங்கள். முடிந்ததை விட்டுவிட்டு மீதியைக் கட்டும். அணைந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஒரு கோப்பு அரைகுறையாக நிற்கக்கூடும். பிழைச் செய்தியில் வரும் அந்த .ஓ கோப்பை மட்டும் அழித்துவிட்டுத் தொடருங்கள்.

முடிந்ததும் மேல் கோப்புறையில் டெப் கோப்புகள் கிடக்கும். லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டையும் சூடோ டிபிகேஜி -ஐ கொண்டு நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால் கையொப்பமில்லாத கெர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறது, பயாஸில் அணையுங்கள். பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே போனதும் யூநேம் -ஆர் அடித்தால் முடிவில் உங்கள் -குமரி நிற்க வேண்டும்.

திரை கறுப்பாகவே நின்றால் மறுபடி ஆன் செய்யும்போது எஸ்கேப்பைத் தட்டி அல்லது (பழைய பயாஸ் என்றால்) ஷிஃப்ட்டைப் பிடித்து, எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று காட்டும் க்ரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கெர்னலுக்குப் போங்கள். இதற்காகத்தான் பழையதை நீக்கவே கூடாது.

இந்தக் கெர்னலுக்கு உபுண்டு அப்டேட் தராது. 6.12 வரிசையில் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது புது மூல நிரலை இறக்கி, இந்த '.கான்ஃபிக்'கை அதற்குள் போட்டு, ஓல்ட்டெஃப்கான்ஃபிக்கிலிருந்து நேரே பின்டெப்-பிகேஜிக்குப் போகலாம். லோக்கல்மாட்கான்ஃபிக் இரண்டாம் தரம் தேவையில்லை.