பழைய கார் வரையும்போது பிசகும் இடங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் மாமா வீட்டு முற்றத்தில் மொரிஸ் மைனர் என்ற பழைய கார் ஒன்று நிற்கிறது. இருபது தடவைக்கு மேல் அதை வரைந்திருப்பேன். முதல் ஏழெட்டுப் படங்களில் கார் தரையில் நிற்கவில்லை, மிதந்தது. பொனெட், கண்ணாடி எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. பிழை சில்லுகளில் இருந்தது.

கண் முதலில் பொனெட்டுக்குத்தான் போகும், கையும் அங்கேயே தொடங்கிவிடும். கடைசியில் மிஞ்சிய இடத்தில் சில்லுகளைச் செருகுவோம். இதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் தரைக்கோடு, அப்புறம் இரண்டு சில்லு, அதன்மேல் உடம்பு. மைனரைப் பக்கவாட்டில் பார்த்தால் முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில் இன்னும் இரண்டரை டயர் வைக்கலாம். பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து அளந்து பாருங்கள்.

கார் சற்றுத் திரும்பி நின்றால் சில்லு நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரு முனைகளையும் மாங்கொட்டை போலக் கூராக்குவது நிறையப் பேர் விடும் தவறு. முனை எப்போதும் வளைந்துதான் போகும். சாய்வைச் சரியாகப் பிடிக்க ஒரு வழி உண்டு. இந்தப் பக்கச் சில்லின் நடுவிலிருந்து அந்தப் பக்கச் சில்லின் நடு வரை, அச்சாணி ஓடும் வழியே மெல்லிய கோடு போடுங்கள். நீள்வட்டத்தின் ஒடுங்கிய அகலம் அந்தக் கோட்டோடு போகும், நீண்ட பக்கம் அதற்குச் செங்குத்தாக நிற்கும். மட்கார்ட் மறைக்கும் பகுதியையும் சேர்த்து முழுச் சில்லையும் வரைந்துவிட்டுப் பிறகு அழியுங்கள்.

பொனெட்டை வழவழப்பான மேடாக மட்டும் வரைந்தால் அது மைனர் இல்லை. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று அதை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். பொனெட்டின் நடுவில் ஓடும் பட்டை அதன் அடையாளம். காலமும் குழம்பக் கூடாது. 1948இல் வந்த முதல் மைனர்களுக்கு ஹெட்லைட் கீழே, கிரில்லின் இரு பக்கமும் இருந்தது. 1956 வரை முன்கண்ணாடி இரண்டு துண்டு. மைனர் 1000 வந்தபோதுதான் அது ஒரே கண்ணாடியானது. நம்பர் தட்டிலும் கவனம் தேவை. நம்பர் தட்டில் ஸ்ரீ எழுத்து வருமுன் இலங்கையில் பதிந்த கார்களில், சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துகள் இருக்கும்.

இனி குரோமியம். இதற்கென்று சாம்பல் நிறமோ வெள்ளிப் பெயின்ரோ எடுக்காதீர்கள். குரோமியத்துக்குச் சொந்த நிறம் கிடையாது, எதிரே இருப்பதை வாங்கிக்கொள்ளும். ஒருநாள் காலையில் மாமாவின் கார்ச் சில்லு மூடிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். மேல்பாதியில் வெளிர்நீல வானம், அதன் கீழே தென்னை வரிசை ஒரு கரும்பச்சைக் கோடாக வளைந்து கிடந்தது, அடியில் முற்றத்து மணல். நடுவில் என் தலை ஒரு கறுப்புப் புள்ளி. அந்தக் கரும்பச்சைக் கோட்டைத் துணிந்து அழுத்திப் போட்டு, ஒளி தெறிக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை அப்படியே விட்டதும் உலோகம் மினுங்கியது.

ஃபோன் படத்தைப் பார்த்து வரைபவர்கள் காருக்குக் கிட்டப் போய் எடுக்கிறார்கள். முன்பக்கம் ஊதி, பின்பக்கம் சுருங்கிவிடும். இருபது அடியாவது பின்னுக்குப் போய் சூம் பண்ணி எடுங்கள். மத்தியான வெயிலில் எடுத்தால் உடம்பின் வளைவுகள் தட்டையாகிவிடும். பின்னேரம் வாவிப் பக்கமிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில் மட்கார்ட்டின் உருட்சி தெளிவாகத் தெரியும். காரின் கீழ் நிழலை ஒரே கறுப்பாகப் பூசாதீர்கள். டயர் தரையைத் தொடும் இடம்தான் ஆகக் கறுப்பு, வெளியே வர வர அது இளகும்.

கார்த்திகை, மார்கழி மழையில் தாள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். முதல் வண்ணப் பூச்சு காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் காய்ந்திராது. புறங்கையை வைத்துப் பாருங்கள். தாள் குளிர்ந்தால் அடுத்த பூச்சுக்கு இன்னும் பொறுக்க வேண்டும்.