சோம்பு செடி வறட்சிய தாங்க ஜிங்க் ஸ்ப்ரே: எப்போ, எப்படி அடிக்கணும்

செடி வாடினதுக்கு அப்புறம் ஜிங்க் அடிச்சா பெருசா பிரயோஜனம் இல்லங்க. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேரு இலை தொங்கின பிறகுதான் டேங்க்க தூக்குறாங்க. வாடின செடியில இலைத்துளை மூடிக்கும், அடிச்ச தண்ணியும் வெயில்ல சட்டுனு காஞ்சிடும், சத்து உள்ள போக நேரமே கிடைக்காது. தண்ணி குறையப்போகுதுன்னு தெரிஞ்சா செடி தெம்பா இருக்கும்போதே அடிச்சிடணும்.

மண்ணுல போட்டா போதாதான்னு கேப்பீங்க. மேல்மண்ணு காஞ்சா ஜிங்க் வேர் பக்கம் நகராது, அதுலயும் சுண்ணாம்பு மண்ணு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) அள்ளிப்போட்ட நிலம்னா மண்ணுல இருந்தாலும் செடிக்கு கிடைக்காது. ஆனா வறட்சியிலதான் அது ரொம்ப தேவை, தண்ணி பத்தாதப்போ இலைக்குள்ள செல்ல அரிக்கிற ஆக்சிஜன் வகைங்க பெருகும், அத அடக்குற என்சைம் ஒண்ணுக்கு ஜிங்க் வேணும், செடிய வளர வைக்கிற ஆக்சின்ங்கற ஹார்மோன் உருவாகவும் வேணும். பத்தாக்குறைன்னா இளம் இலை வெளுத்து சிறுத்து, கணு நெருங்கி செடி குட்டையா நிக்கும்.

இப்போ கலக்குறது, இங்கதான் நிதானம் வேணும். 21% ஜிங்க் இருக்குற ஜிங்க் சல்பேட்னா லிட்டருக்கு 5 கிராம், 200 லிட்டருக்கு 1 கிலோ. பாக்கெட்ல 33%ன்னு போட்டிருந்தா 3 கிராமே போதும், இத பாக்காம அதே அளவு போட்டா இலை கருகும். ஜிங்க் சல்பேட் கரைசல் புளிப்புத்தன்மை உள்ளது, அதனால லிட்டருக்கு 2.5 கிராம் கணக்குல நீர்த்த சுண்ணாம்ப தனி வாளியில முந்தின நாளே ஊறவச்சு, மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் துணியில வடிகட்டி சேருங்க, அடி வண்டல் வந்தா நாசில் அடைச்சிக்கும். ஈடிடிஏ ஜிங்க்னா (ஈடிடிஏங்கற பொருளோட பிணைச்சு விக்கிற ஜிங்க்) சுண்ணாம்பு வேண்டாம், லிட்டருக்கு அரை கிராம்ல இருந்து 1 கிராம் வரை. டிஏபி மாதிரி மணிச்சத்து உரத்தோட மட்டும் ஒரே டேங்க்ல கலக்காதீங்க, ரெண்டும் சேர்ந்து படிஞ்சு வீணாப்போயிடும்.

சோம்பு இலை நூல் நூலா, மேல மெழுகு பூசினாப்ல இருக்குறதால வெறும் தண்ணி முத்து முத்தா உருண்டு விழுந்திடும், ஒட்டும் திரவம் கட்டாயம் சேருங்க. நாசில் பொடிசா தெளிக்கணும், இலை நனைஞ்சா போதும், சொட்ட சொட்ட அடிக்க வேண்டாம். மொத்த வயலுக்கும் அடிக்கிறதுக்கு முன்னாடி நாலஞ்சு செடியில அடிச்சு ரெண்டு மூணு நாள் பாருங்க, நுனி கருகலேன்னா தைரியமா இறங்கலாம்.

பக்கக்கிளை விடும்போது ஒருதடவை, பூக்குடை (குடை மாதிரி விரியுற பூங்கொத்து) வர்றதுக்கு முன்னாடி ஒருதடவை. ஜிங்க் பழைய இலையில இருந்து புது இலைக்கு சரியா நகராது, அதான் ஒரே ஸ்ப்ரேயோட விட முடியாது. சாயங்காலம் வெயில் தணிஞ்சு அடிக்கிறது நல்லது, பூ விரிஞ்சிட்டா தேனீ போன பிறகு மட்டும்தான், ஏன்னா விதை நல்லா பிடிக்கிறது பெரும்பாலும் அதுங்க வந்து போறதாலதான்.

தண்ணிக்கு பதிலா ஜிங்க்னு மட்டும் நினைச்சிடாதீங்க. கையில ஒரே ஒரு பாசனத்துக்குத்தான் தண்ணி இருக்குன்னா, அத பூக்குற நேரத்துக்கு எடுத்து வைங்க.