யூனிட்டுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதுமா?

வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் மச்சான் இருப்பது கிணத்துக்கடவில். இரண்டு பக்கமும் பேசுவது தமிழ்தான், அடிப்பதும் ஒரே வெயில்தான். அந்த வெயிலைக் கரண்டாக்கி விற்றால் கிடைக்கும் விலை மட்டும் செக்போஸ்டில் மாறிவிடும்.

"உங்க பக்கம் யூனிட்டுக்கு எவ்வளவு தர்றாங்க மாப்ள?" என்று மச்சான் வருடத்துக்கு இரண்டு முறையாவது போனில் கேட்பார். நானும் ஒரு எண்ணைச் சொல்வேன். அவர் தன் பக்கத்து எண்ணைச் சொல்வார். எது பெரிசு என்று பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுவோம். இப்படியே பல வருடம் போனது. வெயிலையும் காற்றையும் கரண்டாக்கி விற்பதில் நடக்கும் எல்லாத் தவறுக்கும் மூலம் இந்தப் பேச்சுதான் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

நாங்கள் பேசிக்கொண்ட அந்த விலைக்குப் பின்னால் இருப்பது ஃபீட் இன் டாரிஃப் என்ற கொள்கை. அது என்ன? பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊற்றுகிற பாலை வாங்கிக்கொள்ள வேண்டியது அவர்கள் பொறுப்பு, விலைப்பட்டியலும் முன்பே சுவரில் ஒட்டியிருக்கும். ஃபீட் இன் டாரிஃப் அதற்கும் ஒரு படி மேலே போய், இந்த விலை 20 வருடம், 25 வருடம் மாறாது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறது. வாங்கியே ஆக வேண்டும், இன்ன விலை, இத்தனை வருடம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது கொள்கை. ஜெர்மனி 1990-ல் இதற்கு முதல் சட்டம் போட்டது, 2000-ல் அதை இன்னும் பலமாக மாற்றி எழுதியது. நம் நாட்டில் 2003-ம் வருட மின்சாரச் சட்டப்படி மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் விலையை முடிவு செய்கின்றன. எங்கள் செக்போஸ்டில் விலை மாறுவது இதனால்தான்.

மீட்டரைப் பார்க்காமல் விலையைப் பார்ப்பது

வீட்டு மாடியில் பேனல் போடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கிரிட்டுக்கு, அதாவது மின்வாரியத்தின் லைனுக்கு, கரண்ட் கொடுப்பதில் மூன்று வகை உண்டு. நெட் மீட்டரிங் என்றால் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது. நெட் பில்லிங் என்றால் நீங்கள் எடுத்ததற்கு ஒரு விலை, கொடுத்ததற்கு வேறு விலை. கிராஸ் மீட்டரிங் என்றால் பேனலில் வருவது முழுவதையும் விற்றுவிட்டு, வீட்டுக்கு வேண்டியதைத் தனியாக வாங்குவது. ஃபீட் இன் டாரிஃப் முழு வடிவில் இருப்பது இந்தக் கடைசி வகையில்தான்.

கணக்குக்காக ஒன்று பார்ப்போம். ஒரு பில் காலத்தில் நீங்கள் எடுத்தது 500 யூனிட், கொடுத்தது 400, வாங்கும் விலை யூனிட்டுக்கு 6 ரூபாய். நெட் மீட்டரிங்கில் மிச்சம் 100 யூனிட்டுக்கு 600 ரூபாய் கட்டினால் முடிந்தது. நெட் பில்லிங்கில் கொடுத்த யூனிட்டுக்கு 2.28 ரூபாய் என்று வையுங்கள். எடுத்ததற்கு 3,000 ரூபாய், கொடுத்ததற்கு 912 ரூபாய், கட்ட வேண்டியது 2,088. பேனலும் அதேதான், வெயிலும் அதேதான், பில் மட்டும் மூன்று மடங்குக்கு மேல். 2.28 என்பது நான் கற்பனை செய்த எண் இல்லை. தமிழ்நாட்டு ஆணையம் 2019-ல் மாடி சோலாருக்குக் கொண்டுவந்த முறையில் இருந்த விலை அது. 2021-ல் வீடுகளுக்கு மறுபடி நெட் மீட்டரிங் வந்தது. நடுவில் அந்த இரண்டு வருடத்தில் விதியைப் படிக்காமல் போட்டவர்கள் பில் வந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

நான் விழுந்த குழி வேறு. எங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் தாராளம். பேனல் மாட்ட வந்த ஆள், "அஞ்சு போடுங்கண்ணா, மிச்சமாகிற கரண்டுக்குக் காசு வந்துடும்" என்றார். ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் என்று மனக்கணக்கு போட்டுச் சரி என்றேன். அந்த மிச்சம் மாதாமாதம் காசாகாது, கணக்கில் ஏறிக்கொண்டே போகும், வருடக் கடைசியில்தான் தீர்ப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த விலையும் நான் கட்டும் விலை அல்ல. மின்வாரியம் அந்த வருடம் சராசரியாக என்ன விலைக்குக் கரண்ட் வாங்கியதோ அது. கூடுதலாகப் போட்ட 2 கிலோவாட்டுக்கு வாங்கிய கடனின் வட்டிக்குக்கூட அந்தப் பணம் காணாது. ஆடி மாதத்தில் மாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆள் ஞாபகம் வரும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் பேனல் விற்க வந்தவர்.

ஒரே விலையை எழுதி வைத்துவிட்டுத் தூங்குவது

இது அரசுகள் செய்யும் தவறு. இதற்கு ஸ்பெயினைச் சொல்லாமல் முடியாது. 2007-ல் அவர்கள் சிறு சோலார் நிலையங்களுக்கு யூனிட்டுக்கு 44 யூரோ சென்ட் வரை விலை வைத்தார்கள். சுமார் 400 மெகாவாட் வந்தால் போதும் என்பது திட்டம். இலக்கை நெருங்கியதும், ஒரு வருடத்தில் விலை மாறும் என்று அறிவித்தார்கள். கடைசி பஸ் கிளம்பப் போகிறது என்றால் கூட்டம் என்ன செய்யும்? 2008 செப்டம்பர் கெடுவுக்குள் ஓடி ஓடி மாட்டினார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 2,500 மெகாவாட்டுக்கு மேல். பேனல் விலை கீழே போய்க்கொண்டிருந்தது, அரசு கொடுக்கும் விலை மேலேயே நின்றது, அளவுக்கு உச்சவரம்பு இல்லை. பிறகு கையைச் சுட்டுக்கொண்டு 2010 முதல் பழைய ஒப்பந்தங்களிலும் கை வைத்தார்கள். முதலீடு செய்தவர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள்.

ஜெர்மனி 2000-ல் எழுதும்போதே வழியும் வைத்திருந்தது. இந்த வருடம் சோலார் மாட்டினால் இந்த விலை, அது 20 வருடத்துக்கு மாறாது. அடுத்த வருடம் புதிதாக மாட்டினால் 5 சதவீதம் குறைவு. பழையவருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கும், புதியவருக்கு விலை இறங்கும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எத்தனை சதவீதம் குறைப்பது என்பதில் அவர்களும் பிறகு திண்டாடத்தான் செய்தார்கள்.

நம் வீட்டுக் கதையும் உண்டு. தமிழ்நாட்டில் 2014-ல் சோலாருக்கு நிர்ணயித்த விலை 7 ரூபாய் 1 காசு. அந்த விலையில்தான் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. 2016-ல் ஆணையம் விலையை 5.10 ஆக்கியது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில், யார் குறைந்த விலைக்குக் கரண்ட் தருவார் என்று கேட்ட ஏலத்தில் 2.44-க்கு ஆள் வந்தார்கள். 7.01 கொடுத்தது தவறு என்று இப்போது சொல்வது எளிது. அன்றைய பேனல் விலையில் அந்தக் கணக்கு நியாயமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இறங்கிக்கொண்டே வரும் பொருளுக்கு ஒரு விலையை அப்படியே நிறுத்தி வைத்துப் பெரிய பெரிய நிலையங்களையும் அதற்குள் விட்டால், 25 வருடத்துக்கு அந்தச் சுமை யார் பில்லில் ஏறும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மாடியில்லாத வாடகை வீட்டுக்காரர் பில்லிலும்தான் ஏறும்.

எழுதிக் கொடுத்ததை அழிப்பது

வடக்கு எல்லைக்குப் போனால் இதற்கு நேர் எதிரான தவறு கிடைக்கும். ஆந்திரத்தில் 2015-16-ல் காற்றாலைக்கு யூனிட்டுக்கு 4.83, அடுத்த வருடம் 4.84 ரூபாய் என்று ஆணையம் விலை வைத்திருந்தது. நாடு தழுவிய முதல் காற்றாலை ஏலத்தில் 2017 பிப்ரவரியில் விலை 3.46-க்கு வந்தது, பிறகு குஜராத்தில் 2.43 வரை இறங்கியது. 2019-ல் ஆட்சி மாறியதும், ஜூலையில் பழைய ஒப்பந்தங்களைத் திரும்பப் பேச ஒரு குழு போட்டார்கள். காற்றாலைக்கு 2.43, சோலாருக்கு 2.44 என்று குறைத்துக்கொள்ளச் சொல்லி விநியோக நிறுவனங்கள் கடிதம் அனுப்பின.

வழக்கு நடந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அரசாணையை ரத்து செய்தாலும், இடைக்காலமாக அந்தக் குறைந்த விலையே கிடைக்கட்டும் என்றார். 2022 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்தத்தில் எழுதிய விலையையே கொடு என்று சொன்னது. இடையில் ஓடிய இரண்டரை வருடத்தில் நின்றுபோன காசுக்கு யார் வட்டி கட்டினார்கள் என்று யோசியுங்கள். அரசு சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, விலை அதிகம்தான். எங்கள் நெல்லுக்கும் ஒரு போகம் சந்தை விலை கூடும், ஒரு போகம் குறையும். அதற்காகப் போன வருடம் வாங்கிய நெல்லுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்களா? அடுத்த முறை கடன் கொடுக்கும் பேங்க்காரர் அந்த பயத்துக்கும் சேர்த்து வட்டி போடுவார். கடைசியில் குறைய வேண்டிய விலை கூடத்தான் செய்யும்.

இடத்தை மறப்பது, நேரத்தை மறப்பது

பாலக்காட்டுக் கணவாயில் வைகாசி கடைசியில் ஆரம்பிக்கும் காற்று ஆவணி வரை விடாது. கஞ்சிக்கோட்டில் 1995-லேயே கேரள மின்வாரியம் காத்தாடி வைத்துப் பார்த்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே ராமக்கல்மேட்டில் காற்று இன்னும் மூர்க்கம். எல்லா இடத்துக்கும் ஒரே விலை வைத்தால் நல்ல காற்றுள்ள மலைக்காரருக்குக் கொள்ளை லாபம், சுமாரான இடத்தில் வைப்பவருக்கு நஷ்டம். மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் காற்றின் ஆற்றலைப் பார்த்து இடங்களை நான்காகப் பிரித்து, காத்தாடி தன் முழுத் திறனில் 20 முதல் 30 சதவீதம் வரை உற்பத்தி செய்யும் என்று இடத்துக்கு ஏற்பக் கணக்கு வைத்து விலை போட்டது. பால் சொசைட்டியில் கொழுப்பு பார்ப்பது போல.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, யூனிட்டுக்குக் கொடுக்காமல் இயந்திரத்துக்குக் கொடுப்பது. காற்றாலை வைத்தால் அதன் விலையில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானம் என்று வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரிச் சலுகை பல வருடம் இருந்தது. கோவை, திருப்பூர் மில்காரர்கள் பலர் காத்தாடி வைத்ததில் இந்தச் சலுகைக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனை யூனிட் ஓடியது என்பதைப் பொறுத்தது அல்ல அந்தச் சலுகை. அதனால்தான் 2009-ல் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்று மத்திய அரசு மாற்றுவழி பார்த்தது.

நேரம் இன்னும் பெரிய விஷயம். கேரளத்தில் கரண்டுக்குப் பஞ்சம் மத்தியானத்தில் இல்லை, சாயங்காலம் 6 மணிக்கு மேல் 10 மணி வரை. சோலார் நிறைய வருவது மத்தியானத்தில். இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால் பேட்டரி வைக்க யாருக்கும் ஆசை வராது. எல்லோர் மாடியிலும் பேனல் வந்த தெருவில் மத்தியானம் வோல்டேஜ் ஏறி, பேனல் கரண்டை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவில் ஒரு பங்குக்குத்தான் புது சோலார் சேர்க்க முடியும் என்பது பலருக்கு விண்ணப்பம் போட்ட பிறகே தெரிகிறது.

விலை இருக்கு, காசு எங்கே?

பேப்பரில் நல்ல விலை இருக்கும். வாங்குகிற நிறுவனத்தின் கஜானா காலியாக இருந்தால் அந்த விலையை வைத்து என்ன செய்ய? நெல்லை அளந்து போட்டுவிட்டு ரசீதோடு மாதக்கணக்கில் காத்திருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின் உற்பத்தியாளர்களுக்குப் பாக்கி மலைபோல் சேர்ந்ததால் 2022 ஜூனில் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்தது. பழைய பாக்கியை 48 தவணை வரை பிரித்துக் கட்டலாம், கட்டாவிட்டால் வெளியில் கரண்ட் வாங்குவதற்குக் கட்டுப்பாடு வரும். ஒப்பந்தம் போடும்முன் இதைக் கேளுங்கள்: பாக்கி எத்தனை மாதம் நிற்கிறது, தாமதத்துக்கு வட்டி எழுதியிருக்கிறதா, லைன் நிரம்பியதால் நிறுத்தச் சொன்னால் அந்த யூனிட்டுக்குப் பணம் உண்டா?

ஏலம் வந்துவிட்டது, இனி இது எதற்கு?

பெரிய நிலையங்களுக்கு ஏலம் சரி. நூறு மெகாவாட்காரரோடு மூன்று ஏக்கர்காரர் போட்டியிட முடியாது. அதனால்தான் விவசாயிகளுக்காக 2019-ல் வந்த மத்திய அரசின் பிஎம் குசும் சோலார் திட்டத்தின் முதல் பிரிவில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை, ஆணையம் முன்கூட்டி வைக்கும் விலையில் விவசாயி விற்கலாம் என்று வைத்தார்கள். சொந்தமாகப் போட முடியாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். இதிலும் ஒரு குழப்பம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. யூனிட்டுக்கு 40 காசு ஊக்கத்தொகை விவசாயிக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது கரண்டை வாங்கும் விநியோக நிறுவனத்துக்கு, அதுவும் 5 வருடத்துக்கு. விண்ணப்பங்கள் அறிவித்த அளவைத் தாண்டினால் முன்வைத்த விலை உச்சவரம்பாகிவிடும், கீழே ஏலம்தான்.

மச்சானுக்குப் போன மாதம் இதையெல்லாம் போனில் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப எங்க தரிசு நிலம் சப்ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்னு முதல்ல பாக்கணும்கிற?" என்றார். 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை என்றேன். மறுநாள் வண்டியில் போய், வண்டி மீட்டரில் தூரம் பார்த்து வந்திருக்கிறார். ஏழு கிலோமீட்டர். இப்போது சப்ஸ்டேஷன் பக்கத்தில் யாருக்கு நிலம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். யூனிட்டுக்கு எவ்வளவு என்று இன்னும் கேட்கவில்லை.