ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் தொழிலில் பேக்கேஜும் விலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எல்எல்சியோ (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) கார்ப்பரேஷனோ (பங்குகள் வெளியிடும் நிறுவனம்) தொடங்கினால், அது பதிவாகியிருக்கும் மாநிலங்களில், ஒருசில விதிவிலக்குகள் தவிர, ஒரு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் இருந்தே ஆக வேண்டும். அந்த மாநிலத்துக்குள் தெருப் பெயரோடு ஒரு முகவரி, அலுவலக நேரத்தில் அங்கே ஓர் ஆள், வழக்கு சம்மனோ அரசு நோட்டீஸோ வந்தால் வாங்கி நிறுவனத்திடம் சேர்ப்பது. வேலை இவ்வளவுதான். இதற்குச் சந்தையில் ஆண்டுக்குச் சுமார் 50 டாலரிலிருந்து 300 டாலர் வரை வாங்குகிறார்கள். வேலை எளிதாகத் தெரிவதால், புதிதாக வருபவர்கள் பேக்கேஜ்களை அவசரமாகப் போட்டுவிடுகிறார்கள். பல வாடிக்கையாளர்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரு சம்மன்கூட வராது என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பணம் கட்டுவது, ஏதாவது வந்துவிட்டால் அந்த ஒரு நாளுக்காக. அந்த நாளுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை வைக்க வேண்டும்.

இதை மறப்பதால் வரும் முதல் தவறு, அடிப்படைச் சேவையையே துண்டு போட்டு விற்பது. குறைந்த விலை பேக்கேஜில் சம்மனைச் சாதாரணத் தபாலில் அனுப்புவோம், அதிக விலை பேக்கேஜில் அன்றே ஸ்கேன் செய்து அனுப்புவோம் என்று பிரிக்கிறார்கள். சம்மன் கொண்டுவருபவர் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு உறையைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சி நீதிமன்ற வழக்கு என்றால் பதில் தர 21 நாள்; கலிஃபோர்னியா மாநில நீதிமன்றம் என்றால் பொதுவாக 30 நாள். கெடுவை எண்ணுவது ஏஜென்ட் கையில் காகிதம் வந்த நாளிலிருந்து. உரிமையாளர் அதை எப்போது படித்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவர் கோயம்புத்தூரில் இருந்தால், தபால் கைக்கு வருவதற்குள் கெடுவில் பாதி போயிருக்கும். பதில் போகாவிட்டால் அவர் தரப்பைக் கேட்காமலே எதிராகத் தீர்ப்பு வந்துவிடலாம்.

அதனால் சட்டக் காகிதங்களை அன்றே ஸ்கேன் செய்வது, கொடுத்தவர் யார், எத்தனை மணிக்கு என்று குறித்து வைப்பது, மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வராவிட்டால் போனில் கூப்பிடுவது ஆகியவை எல்லாப் பேக்கேஜிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பேக்கேஜுக்குப் பேக்கேஜ் மாற வேண்டியவை வேறு: நிறுவனம் மாநிலத்துக்குத் தர வேண்டிய ஆண்டறிக்கையை நாமே தாக்கல் செய்து தருவது, எத்தனை நிறுவனங்கள், எத்தனை மாநிலங்கள், சாதாரணத் தபால்களைக் கையாள்வது. வாடிக்கையாளரின் மின்னஞ்சலும் போன் எண்ணும் இன்னும் சரிதானா என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது கேட்பதும் அடிப்படை விலைக்குள் வர வேண்டிய செலவு. செத்துப்போன மின்னஞ்சலுக்கு சம்மனை ஸ்கேன் செய்து அனுப்பி யாருக்கு என்ன லாபம்?

அடுத்தது, மாநிலக் கட்டணத்தையும் நம் கட்டணத்தையும் ஒரே தொகையாகக் கலந்துவிடுவது. 'எல்லாம் சேர்த்து 399 டாலர்' என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் டெலவேரில் எல்எல்சிக்கு ஆண்டு வரி 300 டாலர், ஜூன் 1க்குள் கட்ட வேண்டும். வயோமிங்கில் ஆண்டுக் கட்டணம் குறைந்தது 60 டாலர். ஃபுளோரிடாவில் எல்எல்சி ஆண்டறிக்கைக்கு 138.75 டாலர், மே 1 தாண்டினால் மேலும் 400 டாலர் அபராதம். கலிஃபோர்னியாவில் குறைந்தபட்ச வரியே 800 டாலர். ஒரே விலைக்குள் இவை எல்லாம் அடங்காது. மாநிலம் கட்டணத்தை ஏற்றினால் அந்தச் சுமையும் நம் தலையில் விழும். பில்லில் மாநிலக் கட்டணத்தையும் நம் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

டெலவேர் கார்ப்பரேஷன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கிய புது ஸ்டார்ட்அப்புக்கு, பங்கு எண்ணிக்கையை வைத்துப் போடும் முறையில் 85,165 டாலர் ஆண்டு வரி என்று கணக்கு வரும். நிறுவனர் பதறிப்போய் நமக்குத்தான் போன் செய்வார். சொத்து மதிப்பை வைத்துப் போடும் இன்னொரு முறையில் அதே நிறுவனத்துக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சமான 400 டாலரே வரும். அதைக் கணக்கிட மொத்தச் சொத்து, வெளியிட்ட பங்குகள் என்று விவரம் கேட்டு வாங்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை இது. 99 டாலர் பேக்கேஜில் இதை இலவசமாகச் சேர்த்தவர்கள், மார்ச் 1 கெடு நெருங்கும்போது வேறு எந்த வேலையையும் பார்க்க முடியாது. தனி விலை வையுங்கள், அல்லது கணக்காளரிடம் அனுப்புங்கள்.

முதலாண்டு இலவசம் என்று ஆள் சேர்ப்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. ஆவணம் சரிபார்ப்பது, விவரங்களைப் பதிவது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று அதிக உழைப்பு போவது முதலாண்டில்தான். இரண்டாம் ஆண்டு பணம் கட்டாமல் காணாமல் போகிறவரை உடனே விட்டுவிடவும் முடியாது. மாநிலப் பதிவேட்டில் நம் பெயர் இருக்கும். முறைப்படி விலகல் தாக்கல் செய்து அது அமலுக்கு வரும்வரை அவருக்கான காகிதங்கள் நம்மிடம்தான் வரும். சலுகை கொடுத்தே தீர வேண்டும் என்றால், ரின்யூவல் விலையை முதலாண்டு விலைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள். இணையத்தில் தானாகப் புதுப்பிக்கும் சந்தா விற்பவர்கள், நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், நிறுத்த எளிய வழி தர வேண்டும் என்று 2010இலேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் இதற்குத் தனிச் சட்டமும் உண்டு. விலகிப் போகிறவரிடம் வெளியேறும் கட்டணம் வாங்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். ஏஜென்டை மாற்ற பல மாநிலங்களில் அவர் அரசுக்கு எப்படியும் பணம் கட்டுகிறார். நாமும் பிடுங்க வேண்டாம்.

ஒரே ஒரு சட்டக் கடமையை நம்பி பேக்கேஜ் கட்டினால் என்ன ஆகும் என்று 2025இல் பார்த்தோம். 2024 ஜனவரியிலிருந்து நிறுவனங்கள் தங்கள் உண்மையான உரிமையாளர் யார் என்று ஃபின்சென் என்ற, நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அமலில் இருந்தது. அந்தத் தாக்கலுக்கென்று தனிப் பேக்கேஜ்கள் வந்தன. 2025 மார்ச்சில், அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனங்களுக்கு விலக்கு என்று அறிவித்துவிட்டார்கள். ஆண்டுச் சந்தாவுக்குள் அதைப் பிணைத்து விற்றவர்கள் பணம் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. இப்படிப்பட்ட தாக்கல்களை ஒருமுறைக் கட்டணமாகத் தனியே வைப்பதே சரி.

தபால் முகவரிச் சேவையும் இப்படிப் பிரித்து வைக்க வேண்டிய ஒன்று. வங்கிக் கடிதம், பார்சல் எல்லாம் வாங்கித் தருவோம் என்று சொன்னால் அது வேறு தொழில். அதற்கு, தன் தபாலை இன்னொருவர் வாங்க வாடிக்கையாளர் அனுமதி தரும் அமெரிக்கத் தபால் துறையின் 1583ஆம் படிவமும் வாடிக்கையாளரின் அடையாளச் சான்றும் வேண்டும். இந்த வேலைக்கும் சேர்த்து விலை வைக்காமல் 'முகவரி இலவசம்' என்று போடாதீர்கள்.

கடைசியாக, பேக்கேஜுக்கு வைக்கும் பெயர். 'முழு கம்ப்ளையன்ஸ்' (எல்லாச் சட்டக் கடமைகளையும் நிறைவேற்றித் தருவது) என்ற பெயரைப் பார்த்தால், சென்னையில் உட்கார்ந்து வயோமிங் எல்எல்சி தொடங்குகிறவர் வருமான வரியும் அதில் அடக்கம் என்றே நினைப்பார். வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக இருக்கும் எல்எல்சி, அவரோடு பணப் பரிவர்த்தனை இருந்தால் அமெரிக்க வருமான வரித் துறையிடம் 5472ஆம் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். முதலீடாக அவர் போட்ட பணமும் அதில் சேரும். தவறினால் அபராதம் 25,000 டாலர். அது ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் செய்யும் வேலை கிடையாது. ஆனால் அபராத நோட்டீஸ் வந்ததும் அவர் முதலில் கேட்பது நம்மிடம்தான். பேக்கேஜுக்கு 'மாநில ஆண்டறிக்கைச் சேவை' என்று உள்ளதை உள்ளபடி பெயர் வையுங்கள். 'வருமான வரிப் படிவங்கள் இதில் அடங்காது' என்ற வாசகத்தை விலைக்கு நேர் கீழே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே போடுங்கள்.