துந்திராவில் உருகு ஆழம்: அளவு பிசகுவது எங்கே?

வட அலாஸ்காவின் துந்திராவில், அதாவது மரமில்லாத குளிர்ச் சமவெளியில், அடிமண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும். கோடையில் மேலே அரை மீட்டர் அளவுக்குத்தான் இளகும். அந்த உருகு ஆழத்தை ஆண்டுதோறும் அளக்க 1991இல் தொடங்கிய சர்வதேசத் திட்டத்தில் பல இடங்களில் ஒரே முறைதான்: 100 மீட்டர் சதுரம், 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் 121 புள்ளிகள். கருவி ஒரு இரும்புக் கம்பி. குத்த வேண்டும், இறங்காத இடத்தில் நிறுத்தி நீளம் பார்க்க வேண்டும். இவ்வளவு எளிது என்பதால்தான் அசட்டையும் வருகிறது.

கம்பி நிற்கும் இடமெல்லாம் உறைமண் அல்ல. கல்லில் பட்டால் ‘ணங்’கென்று கையில் அதிரும், உறைமண்ணில் சத்தம் மந்தமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள். ஒரு புள்ளிக்கு இரண்டு முறை குத்துவது இதற்கும் உதவும். நுண்மண்ணில் எல்லை அவ்வளவு கறாராக இருக்காது. அங்கே உடல் பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினால் கம்பி இன்னும் கொஞ்சம் இறங்கும், எண்ணும் கூடும்.

சாய்வை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பி 25 பாகை சாய்ந்தால் 60 செ.மீ. ஆழம் 66 என்று காட்டும். ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாடே பல இடங்களில் சில செ.மீ.தான்!

அடுத்தது, எதை மேற்பரப்பு என்று எடுப்பது? பாசி மெத்தைபோல் அமுங்கும். பக்கத்தில் முழங்காலிட்டால் பரப்பே கீழே போய்விடும். பாசியின் மேல்நுனியில் விரல் லேசாகத் தொடும் இடத்தில் கம்பியைப் பிடித்து அளவைப் படியுங்கள். அந்த விதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு வருபவரும் அப்படியே செய்வார். பென்சிலால் எழுதுங்கள், குளிரில் பேனா மை இறங்காது.

ஜூலையில் எடுத்த அளவு அந்த நாளின் ஆழம் மட்டுமே. உச்ச ஆழம் வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் போக வேண்டும். ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் தேதியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இன்னொரு தவறு. மிதிபட்ட பாசி முன்போல வெப்பத்தைத் தடுக்காது, குழியில் நீர் தேங்கும், அடியில் உருகல் கூடும். பிறகு அளப்பது உங்கள் காலடியைத்தான். அலாஸ்காவில் 1940களின் எண்ணெய்த் தேடலில் ஓடிய வண்டித் தடங்கள் சில இடங்களில் இன்னும் தெரிகின்றன. பலகைப் பாதை போடுங்கள். முடியாவிட்டால் ஒரே பக்கமிருந்து புள்ளியை அணுகுங்கள்.

மண்ணின் வெப்பநிலையை அளக்க உணரி புதைப்பவர்கள் அதைப் பனிக்கட்டிக் குளியலில், அதாவது பூஜ்ய டிகிரியில் நிற்கும் பனிக்கட்டி-நீர்க் கலவையில், சோதிக்காமல் கிளம்பக் கூடாது. ஒரு குவளை நீரில் நான்கு கட்டி மிதக்கவிடுவது குளியல் அல்ல. அடியில் நீர் 4 டிகிரி வரை இருக்கக்கூடும். காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கி தெர்மாஸ் நிறைய அடைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் விட்டுக் கலக்குங்கள். இருபது நிமிடம் கழித்து உணரி பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகிக் காட்டுகிறதோ, அதுதான் நீங்கள் கழிக்க வேண்டிய பூஜ்யத் திருத்தம். உறைவதும் உருகுவதும் பூஜ்யத்தை ஒட்டியே நடப்பதால் 0.2 டிகிரி பிழைகூடக் கணக்கைக் கெடுக்கும். உணரி பொருத்திப் புதைத்த கம்பங்களை மண்ணின் உறைவு ஆண்டுதோறும் மேலே தள்ளும். ஆழத்தை மறுபடி அளந்து பாருங்கள். கேபிளை நரி கடிக்கும், உலோகக் குழாயில் விடுங்கள்.

உணரியின் அளவுகளைப் பதிவுசெய்யும் டேட்டா லாகருக்கு லித்தியம் ஏஏ பேட்டரி போடுங்கள். ஆல்கலைன் கடுங்குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம்-அயன் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. குளிர்ந்த கருவியைக் கூடாரத்துக்குள் கொண்டுவருமுன் வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் அடைத்துவிடுங்கள். உள்ளே வந்ததும் நீர் பையின் மேல் வியர்க்கும், கருவியின் மேல் அல்ல.

இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 முதல் இயங்கும் இடம், நார்வேயின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள நீ-ஓலசுந்து. அங்கே ஒரு கூடுதல் சிக்கல். அங்குள்ள வானலை ஆன்டெனாக்களுக்காக 20 கி.மீ. ஆரத்துக்குள் 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை அனுமதியின்றி அலைபரப்பு கூடாது. வைஃபை, புளூடூத் இரண்டுமே அந்த எல்லைக்குள் வருகின்றன. புளூடூத்தில் மட்டுமே தரவு இறக்கும் லாகரை வாங்கிக்கொண்டு அங்கே போகாதீர்கள். யூஎஸ்பி கேபிள் உள்ளதை வாங்கி, கேபிளில் இரண்டைப் பையில் போடுங்கள்.