விழாவுக்குப் பணம் வரும், வாடகைக்கு வராது: சிறிய கலை அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சபாவோ, கூத்துக் குழுவோ, நாடகக் குழுவோ நின்றுபோனால் "ஜனங்களுக்கு ஆர்வம் போய்விட்டது" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது காரணமல்ல. கடைசி ஆண்டு விழாவுக்குக்கூட நாற்காலி நிறைய ஆள் வந்திருப்பார்கள். அதற்கடுத்த மாதம் ஒத்திகை இடத்துக்கு வாடகை கொடுக்கத்தான் பணம் இருந்திருக்காது.

தவறு பட்ஜெட்டிலேயே தொடங்குகிறது. ஒரு கூத்துக் குழு நிதி கேட்டு எழுதும் தாளைப் பாருங்கள். மைக்செட், பந்தல், ஜெனரேட்டர், வேன் வாடகை, சாப்பாடு, பொன்னாடை, பேனர் எல்லாம் இருக்கும். ஒத்திகை நாட்களுக்கான கூலி இருக்காது. கண்ணாடித் துண்டுகள் உதிர்ந்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பழுதுபார்க்கும் செலவு இருக்காது. கணக்கு எழுதுபவர், ஆடிட்டர் இருவருக்கும் ஒரு ரூபாய்கூட இருக்காது. "நிர்வாகச் செலவே கிடையாது, முழுப் பணமும் கலைக்கே" என்று பெருமையாக ஒரு வரி வேறு. அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். கணக்கு எழுத ஆளில்லாத அமைப்பு அடுத்த ஆண்டு எந்த நன்கொடையாளருக்கும் பதில் சொல்ல முடியாது.

இதில் நமக்கு முன்மாதிரி தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களுக்கு, ஆளுக்கொரு வீடும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் (அக்கால முகத்தலளவை) நெல்லும் ஒதுக்குகிறது. நட்டுவம் செய்வோர் (ஆட்டத்தைப் பயிற்றி நடத்துவோர்), வீணை வாசிப்போர் மட்டுமல்ல, கணக்கர், தையற்காரர், தச்சர், நாவிதர், விளக்கேற்றுவோர் என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆடுபவருக்குப் பின்னால் இத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாம் அதை விண்ணப்பத்தில் எழுதத் தயங்குகிறோம்.

கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி கேட்கும்போதும் இதேதான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுவரவோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலை, பண்பாடு, பாரம்பரியக் கட்டடங்கள், பொது நூலகங்கள் எல்லாம் உண்டு. ஆனால் பேனர் கட்ட இடமுள்ள நிகழ்ச்சிக்குத்தான் பணம் எளிதாக வரும். ஆகவே ஆசிரியர் சம்பளம், மாணவர் உதவித்தொகை, ஆவணப்படுத்தல் ஆகியவற்றைத் திட்டத்தின் பகுதியாகவே எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கு முன், இந்த நிதியைப் பெறும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 படிவத்தை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கி வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் கொடுக்க நினைப்பவர்கூடக் கொடுக்க முடியாது.

அடுத்தது மூலநிதி, அதாவது அசலைத் தொடாமல் வட்டியில் நடத்துவதற்காக வைக்கும் பணம். இதில்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். 10 லட்சம் ரூபாய் வைப்பில் போட்டுவிட்டால் இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 7 சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 70,000 ரூபாய். மாதத்துக்கு 6,000 கூட இல்லை. ஒரு பகுதிநேரப் பணியாளருக்கே போதாது. அந்த வட்டி முழுவதையும் செலவழித்தால் விலைவாசி ஏற ஏற அசலின் மதிப்பும் தேயும். அப்புறம் ஓர் இக்கட்டான ஆண்டில் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று அசலில் கை வைப்பார்கள். எடுத்ததைத் திரும்ப வைப்பது அரிதிலும் அரிது.

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். மேய்ப்பவர் நாளுக்கு ஓர் உழக்கு (பழைய சிறு அளவை) நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. "சாவா மூவாப் பேராடு", அதாவது சாகாத, மூப்படையாத ஆடு என்று கல்வெட்டு அதைத்தான் சொல்கிறது. மூலநிதிக்கு இதைவிடத் தெளிவான விதி தேவையில்லை: வட்டியில் ஒரு பங்கு அசலோடு சேர வேண்டும், அசலைத் தொடக் கூடாது என்பது அறக்கட்டளைப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். கொடுப்பவரிடமும் "இது மூலநிதிக்கு" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே புரவலரை நம்பி நடத்துவதும் ஆபத்து. அவருடைய வியாபாரம் சரிந்தால் அமைப்பும் சரியும். ஆளுக்கு 500 ரூபாய் தரும் 200 உறுப்பினர்களைச் சேர்ப்பது அலுப்பான வேலைதான், ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே ஆண்டில் விலகமாட்டார்கள்.

நன்கொடையாளருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்க அமைப்பு வாங்கும் வரிச்சலுகைப் பதிவுக்குக் காலாவதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது. வெளிநாட்டுத் தமிழர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அவருடைய தம்பி அனுப்பினால், நம் ஊர்க்காரரே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது.

சொந்தக் கட்டட ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த மியூசிக் அகாடமி, 1928இல் தொடங்கியது. சொந்த அரங்கம் 1962இல்தான் வந்தது. அதுவரை பந்தலிலும் பிறர் இடங்களிலும் நடத்தினார்கள், அமைப்பு வளர்ந்தது. முதலில் கட்டடம் எழுப்பிவிட்டு, பிறகு மின்கட்டணத்துக்காகத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடும் நிலைக்கு வந்த அரங்குகளை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக, எல்லாம் ஒருவர் தலையில் இருப்பது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்ததும் சிதறியிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் உருவானது. எல்லாச் சேகரிப்புக்கும் அப்படி ஒரு கை நீளாது. தளிச்சேரிக் கல்வெட்டு இதையும் விடவில்லை: பங்கு பெற்றவர் இறந்தால் நெருங்கிய உறவினர் வேலையை ஏற்க வேண்டும், அவருக்குத் தகுதியில்லை என்றால் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுத்து அமர்த்த வேண்டும். உங்கள் அமைப்பில் வங்கிக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் எத்தனை பேருக்கு இருக்கிறது? பத்திரம், பதிவுச் சான்று, பாஸ்வேர்டு, நன்கொடையாளர் பட்டியல் இவையெல்லாம் எங்கே இருக்கின்றன என்று இன்னொருவருக்குத் தெரியுமா? அடுத்த கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலைப் பேசும் முன் இதைப் பேசிவிடுங்கள்.