காலில் ஆணி குத்திவிட்டதா? ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் பார்த்துக்கொள்ளும் முறை

ரங்கூனில் மழை பிடித்தால் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கிவிடும். அடியில் ஆணி கிடக்கிறதா, கண்ணாடி கிடக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? போன மழைக்காலத்தில் மச்சான் காலில் பலகை ஆணி ஏறியது. அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

படி 1: கழுவுங்கள். ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும். நுரை பொங்கும் மருந்துகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மஞ்சள், காபித்தூள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. துரு காரணமல்ல, மண் பட்ட புது ஆணியும் ஆபத்துதான். காற்றுப் புகாத ஆழத்தில்தான் கிருமி வளரும். அதனால் ரத்தமே வராத சின்ன ஓட்டையை லேசாக எண்ணாதீர்கள்.

படி 2: செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஆணி ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறியிருந்தால், துளை இருக்கும் இடத்தில் ரப்பர் துணுக்கு பெயர்ந்திருக்கிறதா? பெயர்ந்திருந்தால் அது காலுக்குள் இருக்கலாம். வீட்டில் ஊசியால் தோண்டாதீர்கள், டாக்டர் எடுக்கட்டும்.

படி 3: ஊசி. எங்களைக் குழப்பியது இதுதான். ஊசி இரண்டு வகை. ஒன்று தடுப்பூசி, அதைப் போட்டபின் உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க நாளாகும். மற்றது இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலை எதிர்ப்புச் சக்தி. உடனே வேலை செய்யும், ஆனால் சில வாரங்களே நிற்கும். இதுவரை மொத்தம் 3 தடுப்பூசியாவது போட்டவரா? அப்படியென்றால் அழுக்குக் காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தால் ஒரு தடுப்பூசி போதும். சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருடக் கணக்கு. மூன்றுக்குக் குறைவு, அல்லது நினைவே இல்லை என்றால், அழுக்குக் காயத்துக்கு இரண்டும் வேண்டும், வெவ்வேறு இடத்தில். மச்சானுக்கு நினைவில்லை. "ஒன்று போட்டாச்சு, போதும்" என்று கிளம்பப் பார்த்தவரை நிறுத்தி, இரண்டாவதையும் கேட்டு வாங்கினோம்.

டிப்தீரியாவும் சேர்ந்த தடுப்பூசி கிடைத்தால் அதைத்தான் போடச் சொல்வேன். தேதியை அட்டையில் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள்.

படி 4: கவனியுங்கள். ரணஜன்னி வந்தால் பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தெரியும். முதலில் தாடை இறுகும். வாய் திறக்க வராது. அப்புறம் கழுத்து விறைக்கும், விழுங்க முடியாது, வயிறு பலகையாகும். சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாய் வளைந்து இழுக்கும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். தாடை இறுகியதுமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறும். அங்கே இம்யூனோகுளோபுலின் கொடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து, கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோலும் இசிவை அடக்கும் மருந்தும் தருவார்கள். மூச்சுக்குக் கருவி தேவைப்படலாம். நரம்பில் ஏற்கெனவே பிடித்த நஞ்சை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. அது தணிய வாரக்கணக்காகும்.

பின்சேர்ப்பு: இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருமா? வரும், பிழைத்தவரும் தடுப்பூசி போட வேண்டும். பெரியவர்கள் புதிதாகத் தொடங்கினால்? முதல் ஊசி, குறைந்தது 4 வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் 6 மாதம் கழித்து மூன்றாவது. கர்ப்பிணிகள் கட்டாயம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்; அந்த எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகும்.